கடல்மீன் தொட்டியில் பாசி: மருந்து கேட்பதற்கு முன்

போன கிழமை இங்கே திருகோணமலை அன்புவழிபுரத்துத் தம்பி ஒருவன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தான். மூன்றடித் தொட்டி, இரண்டு கோமாளி மீன், பின்னால் இருக்கிற கல்லெல்லாம் தேங்காய்த் தும்பைப் பச்சைச் சாயத்தில் முக்கி ஒட்டிவிட்டதுபோல. கீழே ஒரேயொரு வரி: "அண்ணா, இதுக்கு என்ன மருந்து போட?"

கடல் தண்ணீர்த் தொட்டி வைத்தவர்கள் எல்லாரும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான். மருந்தும் வாங்கிப் போட்டேன், அதனால் பட்ட பாட்டைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன். முதலில், பாசி எதைச் சாப்பிட்டு வளர்கிறது என்று விளங்கிக்கொண்டால் மிச்சம் எல்லாம் தானாகப் பிடிபடும்.

கந்தளாய்ப் பக்கம் வயல் செய்கிற யாரையாவது கேட்டுப் பாருங்கள். யூரியா எறிந்தால் நெல்லு மட்டும் வளராது, கோரையும் சேர்ந்துதான் வளரும், சில வேளை கோரைதான் முந்தும். தொட்டியிலும் அதே கதை. பாசிக்கு வெளிச்சம் வேண்டும், தண்ணீர் வேண்டும், பசளை வேண்டும். முதல் இரண்டையும் நாங்களே காசு கொடுத்து வைத்திருக்கிறோம். மூன்றாவதையும் நாங்கள்தான் போடுகிறோம், ஆனால் அதற்கு மீன்தீன் என்று பெயர் வைத்திருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மீன் தின்னும், கழிக்கும். தின்னாமல் கல்லுக்குப் பின்னால் விழுந்ததும் அழுகும். இரண்டிலிருந்தும் அமோனியா வரும், அது மீனுக்கு நஞ்சு. கல்லிலும் மணலிலும் குடியிருக்கிற பற்றீரியா அதை நைத்திரைற்றாக்கும், வேறொரு பற்றீரியா அதை நைத்திரேற்றாக்கும். நைத்திரேற்று மீனை அவ்வளவு கெதியில் கொல்லாது என்பதால் நாங்கள் நிம்மதியாக இருப்போம். ஆனால் சாதாரணத் தொட்டியில் சங்கிலி பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும், நைத்திரேற்று நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். கூடவே பொசுபேற்று. இரண்டும் சேர்ந்தால் என்ன? அதுதான் பசளைப் பை.

எவ்வளவு சேரும் என்று ஒருமுறை கணக்குப் பார்த்தேன், பார்த்த பிறகு தீன் போத்தலைத் திறக்கிற கையே கொஞ்சம் நடுங்கியது. உலர்தீனில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு பொசுபரசு. ஒரு கிராம் தீன் என்றால் 10 மில்லிகிராம். அது பொசுபேற்றாகும்போது ஒட்சிசனும் சேர்வதால் கிட்டத்தட்ட 30 மில்லிகிராம். 100 லீற்றர்த் தொட்டியில் அது லீற்றருக்கு 0.3 மில்லிகிராம். பவளம் வளர்ப்பவர்கள் வைத்திருக்கச் சொல்லுகிற அளவோ 0.03 இலிருந்து 0.1 வரைதான். அதாவது ஒரே கிராம், முழுக்கத் தண்ணீரில் கரைந்தால், ஆகக்கூடிய அளவைவிட மூன்று மடங்கு. குறுணித்தீன் ஒரு தேக்கரண்டி அள்ளினால் இரண்டு கிராமுக்கு மேலேயே நிற்கும். மீனின் உடம்பிலும் பற்றீரியாவிலும் கொஞ்சம் போய்ச் சேரும், உண்மைதான். அப்படியிருந்தும் மிச்சத்தைப் பாருங்கள்.

ஆக, தொட்டிக்குள் எவ்வளவு போகிறது, அதிலிருந்து எவ்வளவு வெளியே வருகிறது, இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் கல்லில் பச்சையாக முளைத்திருக்கிறது. நான் சொல்லவருவது முழுக்க இதுதான். பாசியைத் தொட்டிக்குள் வைத்தே சாகடிப்பதால் அந்தக் கணக்கில் ஒரு சதமும் மாறாது, அதை வெளியே எடுத்தால்தான் மாறும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்களில் என் தொட்டி பாதி செத்துப்போனது. பற்றரியில் ஓடுகிற சின்னக் காற்று மோட்டர் ஒன்றுதான் வைத்திருந்தேன், அது இரவில் எப்போது நின்றதென்றே தெரியாது. ஒரு மீன் கல்லுக்கு அடியில் மாட்டிச் செத்து, எடுக்க முடியாமல் அங்கேயே கரைந்தது. அடுத்த மாதம் கரண்ட் கொஞ்சம் சீராக வரத் தொடங்க, லைட்டும் ஒழுங்காக எரிய, பச்சை முடி முளைக்கத் தொடங்கியது. கடையில் கேட்டேன், ஒரு போத்தல் தந்தார்கள். ஊற்றினேன். நாலே நாளில் பாசி வெளிறி, கல்லில் இருந்து கழன்று, நான் பெருமையாகப் படமும் எடுத்துவிட்டேன். ஐந்தாம் நாள் காலை மீனெல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறந்துகொண்டு நின்றன. செத்த பாசி அழுகும்போது தண்ணீரில் இருந்த ஒட்சிசனை இழுத்துவிட்டது. அதோடு, இவ்வளவு நாளும் தன் உடம்புக்குள் பூட்டி வைத்திருந்த பசளை முழுவதையும் திரும்பத் தண்ணீருக்கே கொடுத்துவிட்டுச் செத்தது. இரண்டு மாதத்தில் முந்தியதைவிட அடர்த்தியாக வந்தது. போத்தலில் எழுதியிருந்தது பொய்யில்லை, பாசியைக் கொல்லும் என்றுதான் எழுதியிருந்தது.

நீங்கள் பார்ப்பது எந்தப் பாசி

எல்லாம் ஒன்றல்ல, சிலதைப் பார்த்துப் பயப்படவே தேவையில்லை. புதுத் தொட்டியில் முதல் மாதத்துக்குள் மணலிலும் கண்ணாடியிலும் கபிலத் தூள் படிந்தால் அது டயற்றம். அதன் ஓடு சிலிக்காவால் ஆனது, தண்ணீரில் சிலிக்கேற்று இருக்குமட்டும் இருக்கும், தீர்ந்தால் பெரும்பாலும் சில கிழமையில் தானாகப் போய்விடும். போகாமல் மாதக்கணக்கில் நின்றால் உங்கள் தண்ணீரைச் சந்தேகியுங்கள். கண்ணாடியில் இரண்டு மூன்று நாளைக்கொருக்கால் வரும் மெல்லிய பச்சைப் படலம் எல்லாத் தொட்டியிலும் வரும், துடைத்துவிட்டுப் போங்கள். ரோசா, ஊதா நிறத்தில் கல்லோடு கல்லாக, சுண்ணாம்பு பூசியதுபோல ஒன்று வந்தால் அதைச் சுரண்டாதீர்கள்! அதுவும் பாசிதான், ஆனால் நல்லது. அது பிடித்த இடத்தில் முடிப்பாசி இலகுவில் பிடிக்காது, தொட்டி தேறி வருகிறது என்பதற்கு அதைவிட நல்ல அறிகுறி எனக்குத் தெரியாது.

பச்சை முடிப்பாசிதான் எல்லாரையும் அழவைப்பது, இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியதுதான். இறகுபோல இரண்டு பக்கமும் கிளை விட்டிருந்தால் அது பிரையொப்சிஸ் என்ற வேறு ஆள், கொஞ்சம் முரடன், பசளையைக் குறைத்தாலும் லேசில் போகாது. பச்சைக் கண்ணாடி உருண்டைபோல, பட்டாணி அளவில் வருவது வலோனியா. அதைத் தொட்டிக்குள் வைத்து உடைக்காமல் அடியோடு திருகிக் கழற்றி, கூடவே குழாயால் உறிஞ்சி எடுப்பது நல்லது.

இனி இரண்டு, பாசியென்று நினைத்து ஏமாறுகிறவை. மணலுக்கு மேல் சிவப்புப் பட்டுத்துணி விரித்ததுபோல, நுனியைப் பிடித்து இழுத்தால் தகடாக உரிந்து வந்து, மூக்கருகே கொண்டுபோனால் ஒரு நாற்றமும் அடித்தால் அது சயனோபற்றீரியா, பெயரே சொல்கிறது, பற்றீரியா. தண்ணீர் ஓட்டம் குறைந்த மூலையைத்தான் தேடிப் பிடிக்கும், அதனால் பம்பின் வாயைக் கொஞ்சம் திருப்பிவிட்டாலே சில தொட்டியில் பாதி குறையும். உறிஞ்சி எடுத்துவிட்டு, மூன்று நாள் லைட்டை நிறுத்திக் கறுப்புத் துணியால் மூடி வைப்பதும் உதவும். ஆனால் அந்த மூன்று நாளும் காற்று மோட்டர் ஓடியே ஆகவேண்டும், வெளிச்சம் இல்லாவிட்டால் ஒட்சிசன் குறையும். அன்ரிபயோட்டிக் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை செய்யும். அமோனியாவைத் தின்கிற நல்ல பற்றீரியாவும் சேர்ந்து அடிவாங்கலாம் என்பதால் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

மற்றது டைனோபிளாஜலேற்று. சளிபோலக் கபில நிறம், நூல் நூலாகத் தொங்கும், நூலின் நுனியில் காற்றுக் குமிழ் இருக்கும், பகலில் நிறைய, இரவு லைட் நின்றபிறகு குறைந்ததுபோல இருக்கும். சந்தேகமென்றால் கொஞ்சத்தைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு சின்னப் போத்தலில் எடுத்து நன்றாகக் குலுக்கி, காகிதக் கைலேஞ்சியில் வடித்து, வடிந்த தண்ணீரை வெளிச்சத்தில் ஒரு மணித்தியாலம் வையுங்கள். தெளிவாக இருந்த தண்ணீரில் திரும்பவும் சளி கூடினால் அதுதான். இதை ஏன் இவ்வளவு மெனக்கெட்டுச் சொல்கிறேன் என்றால், இதற்கு வைத்தியம் நேரெதிர். நைத்திரேற்றும் பொசுபேற்றும் பூச்சியத்துக்கு விழுந்த, அளவுக்கு மீறிச் சுத்தமான தொட்டியில்தான் இது அடிக்கடி தலைதூக்குகிறது. முடிப்பாசிக்குச் சொல்கிற பட்டினி வைத்தியத்தை இதற்குச் செய்தால் இன்னும் கொழுக்கும்.

பசளை எந்த வழியால் வருகிறது

தீனைப் பற்றிச் சொல்லிவிட்டேன். இரண்டாவது வழி தண்ணீர், இதில்தான் திருகோணமலைக்காரர் எங்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது, ஒரு ஆபத்தும் இருக்கிறது.

தம்பியிடம் நான் மருந்துப் பெயர் சொல்லவில்லை, ஒரு கேள்வி கேட்டேன்: "வத்துற தண்ணிக்கு என்ன விடுறாய்?" உடனே பதில்: "கிணத்துத் தண்ணி அண்ணா, நல்ல தண்ணி, நாங்க குடிக்கிறதே அதுதான்."

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் 100 லீற்றர்த் தொட்டி ஒன்றிலிருந்து நாளுக்கு ஒன்றரை லீற்றர் வற்றுவதெல்லாம் சர்வசாதாரணம். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்போ நைத்திரேற்றோ ஆவியாகாது. நீங்கள் விடுகிற தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறதோ அது உள்ளேயே தங்கும், நாளைக்கு இன்னும் கொஞ்சம், நாளன்றைக்கு இன்னும் கொஞ்சம். கிணற்றில் லீற்றருக்கு 20 மில்லிகிராம் நைத்திரேற்று இருக்கிறது என்று வையுங்கள். குடிதண்ணீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்கிற உச்ச அளவு 50, ஆகவே அது குடிக்க நல்ல தண்ணீர்தான். மாதத்துக்கு 45 லீற்றர் விட்டால் 900 மில்லிகிராம். தொட்டித் தண்ணீரில் லீற்றருக்கு 9 கூடும், ஒரு மீனுக்கும் ஒரு சிட்டிகை தீன் போடாமலேயே. தோட்டம் செய்கிற இடத்துக் கிணறென்றால் இன்னும் மோசமாக இருக்கலாம். யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் பசளை இறங்கி நைத்திரேற்று ஏறியிருப்பது எல்லாருக்கும் தெரிந்த கதை.

குழாய்த் தண்ணீரிலும் குளோரினோடு சிலிக்கேற்று, பொசுபேற்று எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம். ஆர்.ஓ. தண்ணீர்தான் வழி, அதாவது மெல்லிய சவ்வு வழியாக அழுத்தி, கரைந்ததையெல்லாம் வடித்தெடுத்த தண்ணீர். கடையில் வாங்குவதென்றால் தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டுகிற டி.டி.எஸ். மீற்றர் ஒன்றை நனைத்துப் பாருங்கள், பூச்சியத்துக்குக் கிட்ட நின்றால் சரி. சில இடத்தில் குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று தாதுவைத் திரும்பக் கலந்து விற்கிறார்கள், அது எங்களுக்கு வேண்டாம். மாரியில் வானத்தில் இருந்து இலவசமாகவே ஆர்.ஓ. கொட்டுகிறது என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு. பிடிப்பதென்றால் கூரையில் இருந்து பிடிக்காதீர்கள். தகரத்தில் துத்தநாகம், ஓட்டில் காகத்தின் எச்சம். முதல் மழை கழுவிக்கொண்டு போனபிறகு, திறந்த முற்றத்தில், சாப்பாட்டுச் சாமான் போடுகிற பிளாஸ்ரிக் பரலில் நேரே விழவேண்டும்.

அப்புறம் கடல் தண்ணீர். கொழும்பில் இருக்கிறவர்கள் பக்கற் உப்பை நிறுத்துப் பார்த்துக் கரைத்துக்கொண்டிருக்க, நாங்கள் வாளியோடு கடலுக்குப் போகிறோம். இது பெரிய வசதிதான், ஆனால் எந்த இடத்தில், எந்த மாதத்தில் அள்ளுகிறோம் என்பது முக்கியம். உள்துறைமுகப் பக்கம் வேண்டாம், கப்பல், எண்ணெய், நகரத்துக் கழிவு. கொட்டியாரக் குடாவில் மகாவலி வந்து விழுகிறது, அந்த ஆறு மலையில் இருந்து எத்தனை வயலையும் தோட்டத்தையும் கழுவிக்கொண்டு வருகிறது என்று நினைத்துப் பாருங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் வாய்க்கால் இல்லாத இடமாகப் பார்த்து, கடல் தூங்குகிற மே, யூன் மாதங்களில், கரையில் அல்ல, நெஞ்சளவு தண்ணீருக்குப் போய் அள்ளினால் நல்லது. கார்த்திகை, மார்கழியில் அள்ளவே வேண்டாம். வாடைக்கடல் கலங்கியிருக்கும், மழை விழுந்து மேல்தண்ணீரில் உப்பும் குறைந்திருக்கும். நான் அள்ளியதைத் துணியில் வடித்து, மூடிய கேனில், வெளிச்சம் படாத மூலையில் ஒரு கிழமைக்கு மேல் வைத்து, உப்பு அளந்துவிட்டுத்தான் தொட்டிக்கு விடுவேன். உப்பு அளக்கிற கருவியில் அடர்த்தி 1.025 பக்கத்தில் நிற்கவேண்டும்.

மூன்றாவது வழி கல். சுண்ணாம்புக் கல் பொசுபேற்றை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், தண்ணீரில் குறைந்தால் திரும்பக் கக்கும். அதனால்தான் எல்லாம் சரியாகச் செய்தும் இரண்டு மூன்று மாதம் ஒன்றும் மாறாததுபோல இருக்கும். கரையில் ஒதுங்குகிற முருகைக்கல்லை அள்ளிவந்து போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் என்னென்ன ஊறியிருக்கிறதோ தெரியாது, அதைவிட அது சட்டப்படி குற்றம். நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கிற புறாமலைத் தீவில் இருந்து ஒரு சின்னக் கல்கூட வேண்டாம். அது 1963 இலேயே சரணாலயம், 2003 இலிருந்து தேசியப் பூங்கா.

வெளிச்சத்தை நீட்டி எழுத ஒன்றுமில்லை. நாளுக்கு எட்டு மணித்தியாலம் போதும், கையால் போட்டு நிறுத்தாமல் ரைமர் ஒன்று வையுங்கள், கிழக்குப் பார்த்த ஜன்னலுக்கு நேரே தொட்டி இருந்தால் நகர்த்துங்கள் அல்லது திரை போடுங்கள். காலை ஆறரைக்கு உள்ளே வருகிற வெயிலை எந்த ரைமரும் நிறுத்தாது. பழைய லைட்டின் நிறம் மாறும் என்றெல்லாம் சொல்வார்கள், அதெல்லாம் பிறகு.

வெளியே எடுப்பது

கை. இதைவிட நல்ல கருவி இன்னும் வரவில்லை.

கையைச் சவர்க்காரம் இல்லாமல் நல்ல தண்ணீரில் கழுவிக்கொள்ளுங்கள். பம்பை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பிய்க்கிற துண்டெல்லாம் தொட்டி முழுக்கப் பறந்து போய் நாலு இடத்தில் முளைக்கும். ஒரு வாளியில் பத்து லீற்றர் தொட்டித் தண்ணீர் எடுத்து, தூக்கக்கூடிய கல்லை அதற்குள் வைத்து, முதலில் விரலால் பிய்த்து, பிறகு பழைய பல்லுப் பிரஷால் தேயுங்கள். முடிப்பாசி கல்லின் துளைக்குள் வேர்போலப் பிடித்திருக்கும், மேலே கிள்ளினால் தலைமயிர் வெட்டியதுபோலத்தான், ஆகவே பிரஷைச் சாய்த்துப் பிடித்து அடியில் தேய்க்கவேண்டும். வாளித் தண்ணீர் ஐந்து நிமிடத்தில் கீரைக்கடையல் மாதிரி ஆகிவிடும். அதில் மிதப்பதெல்லாம் நீங்கள் மாதக்கணக்கில் காசு கொடுத்து வாங்கிப் போட்ட தீன். கல்லை இன்னொரு வாளித் தொட்டித் தண்ணீரில் அலசி உள்ளே வையுங்கள். தூக்க முடியாத கல்லென்றால் காற்று மோட்டர்க் குழாய் போன்ற மெல்லிய குழாயால் உறிஞ்சிக்கொண்டே மற்றக் கையால் பிய்க்கவேண்டும், பிய்வது உடனே குழாய்க்குள் போகும். இந்த வேலையை வாராந்தத் தண்ணீர் மாற்றத்தோடு சேர்த்துச் செய்தால் இரட்டை இலாபம். யாழ்ப்பாணத்தில் கரையொதுங்குகிற சாதாளை என்ற கடற்தாவரத்தை அள்ளித் தோட்டத்துக்குப் பசளையாகப் போடுவார்கள், அந்தளவுக்கு அதற்குள் சத்து இருக்கிறது. பிய்த்த பாசியை உப்புப் போக அலசித் தென்னையடியில் போடுங்கள். கடலில் கொண்டுபோய்க் கொட்டவேண்டாம், கடையில் வாங்கிய கல்லோடு எந்த நாட்டுப் பாசி வந்து சேர்ந்திருக்கிறதோ யாருக்குத் தெரியும்.

தண்ணீர் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். நைத்திரேற்று 40 இருக்கும்போது ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால் 32 ஆகும், அவ்வளவுதான். அந்தக் கிழமைத் தீன் அதைத் திரும்ப 40க்கு ஏற்றிவிடலாம். மாற்றவேண்டும், ஆனால் அது மட்டும் போதாது.

ஸ்கிம்மர் வாங்க வசதியிருந்தால் வாங்குங்கள். பருப்பு அவியும்போது மேலே திரள்கிற நுரையை அம்மா அகப்பையால் எடுத்து எறிவாரே, அதே வேலைதான். பொடிக் காற்றுக் குமிழில் மீன்கழிவின் புரதம் ஒட்டி நுரையாக மேலே ஏறிக் கிண்ணத்தில் விழும், நைத்திரேற்றாக மாறுவதற்கு முன்னமே வெளியே போய்விடும். கிண்ணத்தைத் திறந்து ஒருமுறை மணந்து பாருங்கள், பிறகு ஒருநாளும் அளவுக்கு மிஞ்சித் தீன் போடமாட்டீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வழி, பாசியைப் பாசியால் வெல்வது. தொட்டிக்குப் பக்கத்தில் அல்லது அடியில் ஒரு சின்னத் தொட்டி, தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் சுற்றி ஓடும், அந்தச் சின்னதில் நாங்கள் விரும்பிய கடற்பாசியை நல்ல வெளிச்சம் கொடுத்து வளர்ப்பது. உலகம் முழுக்கச் சீற்றோ என்று சொல்லுகிற, சிக்குப்பட்ட பச்சை நைலோன் நூல்போன்ற கீற்றோமோர்பாவைத்தான் கூடுதலாக வளர்க்கிறார்கள். கஞ்சிப்பாசி வகையும் நல்லது, வெள்ளைக்காரன் அதைச் சிலோன் மொஸ் என்று பெயரிட்டே வைத்திருந்தான், எங்கள் தம்பலகாமக் குடாப் பக்கத்துச் சரக்கு. பசளை இரண்டு தொட்டிக்கும் பொதுவென்பதால் அங்கே வளர வளர இங்கே குறையும். ஆனால் கிழமைக்கொருக்கால் மூன்றிலொரு பங்கை அள்ளி எறிந்தால்தான் கணக்குச் சரி. எறியப் பஞ்சிப்பட்டு விட்டுவைத்தால் அதுவும் அழுகி எல்லாவற்றையும் திருப்பித் தரும். பெரிய தொட்டியின் லைட் நின்றபிறகு இரவில் இதன் லைட்டைப் போட்டால், இரவில் விழுகிற பி.எச். (தண்ணீரின் அமில-கார) அளவையும் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும்.

நத்தை வாங்கிவிடவா என்று கேட்பீர்கள். புறாமலையில் கண்ணாடி போட்டுத் தலையைத் தண்ணீருக்குள் வைத்தால் கறுக்கு மொறுக்கென்று ஒரு சத்தம் கேட்கும், கிளிமீன் கல்லைக் கொறிக்கிற சத்தம். அந்த மீன்களும் மற்றப் பாசி தின்னிகளும் ஓயாமல் மேய்வதால்தான் முருகைக்கல் பச்சைப் போர்வை போர்த்தாமல் இருக்கிறது. எங்கள் தொட்டியிலும் மேய்கிற ஆட்கள் வேண்டும், ட்ரோக்கஸ், ரேர்போ நத்தைகள், சங்கு ஓட்டுக்குள் குடியிருக்கிற குட்டி நண்டு. ஆனால் ஒன்று, அவை சாப்பிடுவது குட்டையாக இருக்கிற இளம் பாசியை. விரல் நீளத்துக்கு வளர்ந்த முடியை நத்தை ஏறெடுத்தும் பார்க்காது. நீங்கள் பிய்த்துக் கொடுத்தபிறகு மிச்ச அடியை அது மேயும். அதோடு, நத்தை தின்றது நத்தையின் மறுபக்கத்தால் தொட்டிக்குள்ளேயேதான் வருகிறது, ஒரு மில்லிகிராமும் வெளியே போவதில்லை. முப்பது நத்தையை ஒரேயடியாக வாங்கிவிட்டால் இரண்டு மாதத்தில் பாசி தீர்ந்து, பட்டினியில் இருபது செத்து, அந்த இருபதும் அழுகி... சுற்று எங்கே போகிறது என்று விளங்குகிறதல்லவா. ஐந்தாறு விட்டுப் பாருங்கள். ஓரா மீன் நன்றாக மேயும், ஆனால் வளர்ந்தால் மூன்றடித் தொட்டி அதற்குச் சிறைதான், எடுக்கும்போது முதுகு முள்ளுக் குத்தினால் கை கொதிக்கும், மீன்பிடிக்கிறவர்களைக் கேளுங்கள்.

அளந்து பார்க்கும்போது ஏமாறாமல் இருக்க

தம்பியிடம் அளக்கச் சொன்னேன். "பொசுபேற்று பூச்சியம் அண்ணா, பிறகு எப்படிப் பாசி?" என்று கேட்டான். நல்ல கேள்வி. தொட்டி நிறையப் பாசி இருக்கும்போது தண்ணீரில் பசளை மிஞ்சாது, வர வரப் பாசி இழுத்துக்கொள்ளும். ரெஸ்ற் கிற் தண்ணீரில் மிஞ்சியதைத்தான் காட்டும், பாசியின் வயிற்றுக்குள் போனதைக் காட்டாது. மாதச் சம்பளத்தை முதல் நாளே செலவழித்தவனின் சட்டைப் பையைப் பார்த்துவிட்டு இவனுக்கு வருமானமே இல்லை என்று சொன்ன மாதிரி.

அதனால் பூச்சியத்தைக் கண்டு பொசுபேற்றை இழுக்கிற இரும்புக் குறுணியைக் கிலோக்கணக்கில் போடாதீர்கள். கல்லில் பாசி குறைந்துகொண்டு போகும்போது அளவு மெல்ல ஏறும், அப்போது அளப்பதுதான் உண்மையான அளவு. நைத்திரேற்று 2க்கும் 10க்கும் இடையில், பொசுபேற்று நான் முன்னே சொன்ன அளவில் நின்றால் கை வைக்காமல் விடுங்கள். பூச்சியத்துக்கு இறக்கினால் பவளம் வெளிறும், டைனோ வந்து நிற்கும், பிறகு நைத்திரேற்றைக் காசு கொடுத்து வாங்கி ஊற்றவேண்டிவரும். சிரிக்காதீர்கள், ஊற்றியிருக்கிறேன்.

தம்பிக்கு இவ்வளவும் சொல்லவில்லை, பயந்துவிடுவான். கிணற்றுத் தண்ணீரை இன்றைக்கே நிறுத்து, நாளுக்கு இரண்டு தரம் போடுகிற தீனை ஒருதரமாக்கி மீன் ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்குக் குறை, லைட் எட்டு மணித்தியாலம், ஞாயிற்றுக்கிழமை ஒரு வாளியும் பல்லுப் பிரஷும். இந்த நாலு மட்டும்தான் சொன்னேன். முதல் இரண்டு ஞாயிறும் ஒரு வித்தியாசமும் தெரியாது, மூன்றாவதில் பிய்க்கிற பாசி கொஞ்சம் குட்டையாக இருக்கும், கல்லின் பொசுபேற்று தீரப் பிறகும் நாளெடுக்கும் என்றும் சொல்லிவைத்தேன். இப்போது மூன்று நாள்தான் ஆகிறது, நேற்று இரவு திரும்பவும் படம். "அண்ணா, அப்படியேதான் இருக்கு." ஆறாவது ஞாயிறு வரைக்கும் படம் அனுப்பக்கூடாது என்று எழுதிவிட்டு, அவன் எந்த மூலையில் பம்ப் வைத்திருக்கிறான் என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.